உஷார்! காட்டோரக் குடிலில் புள்ளைகளோடு இரவு தங்கப் போகிறீர்களா?

பெருநாள் லீவுக்கு ரூம் போட்டாச்சா? கொஞ்சம் நில்லுங்கள். வேனில் சாமான் ஏற்றும் முன் இதை ஒரு தடவை வாசித்துவிடுங்கள். வாசித்துவிட்டுத் தாராளமாகப் போங்கள். விவரம் தெரியாமல் மட்டும் போகாதீர்கள்.

முன்பெல்லாம் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கத்திலிருந்து பொத்துவிலுக்குப் போனால், கடலைப் பார்த்து, கொண்டுபோன சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டு, இருட்டுவதற்குள் திரும்பி விடுவோம். இப்போது ஓர் இரவு தங்க வேண்டும் என்று புள்ளைகள் கேட்கிறார்கள். லகுகலை, பாணமை, உகந்தை, அந்தப் பக்கம் இங்கினியாகல என்று காட்டோரமெல்லாம் மரக்குடில்கள் எழும்பியிருக்கின்றன. யானை பார்க்கலாம். வட்டையில் விளைந்த அரிசிச் சோறு, எருமைத் தயிர், குரக்கன் ரொட்டி, நாட்டுக்கோழிக் கறி, மரவள்ளிக் கிழங்கு எல்லாம் கிடைக்கும். பேஸ்புக்கில் ஒரு படம் போடுகிறார்கள். குடில் வாசலில் ஒருவர் தேத்தண்ணி குடிக்கிறார். பத்து முழத்துக்கு அப்பால் ஒரு யானை நிற்கிறது.

அந்தப் படத்தைப் பார்த்தால் உங்களுக்கு ஆசை வரும். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அந்த யானை ஏன் அங்கே வந்து நிற்கிறது? யாராவது கேட்டீர்களா?

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம். உம்மா, வாப்பா, மூன்று புள்ளைகள், மாமி. ஆறு பேர். பெயரும் ஊரும் வேண்டாம், தங்கின இடத்தின் பெயரும் வேண்டாம். லகுகலைப் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரூம் போடும்போதே போனில் அங்கிருந்தவர் சொல்லியிருக்கிறார்: “ஆனை கட்டாயம் காட்டுவம் சேர். காட்டாட்டி காசு வேணாம்.”

இந்தப் பேச்சைக் கேட்ட இடத்திலேயே போனை வைத்திருக்க வேண்டும். அவர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

இரவுச் சாப்பாடு அருமையாம். எட்டு மணி போல, சொன்னது மாதிரியே யானை வந்தது. குசினிக்குப் பின்னால் பூசணித் தோலும் வாழைத்தண்டும் மிச்சச் சோறும் குவித்து வைத்திருந்தார்கள். அதைத் தின்ன வந்தது. எல்லாரும் வீடியோ எடுத்தார்கள். கொம்பு இல்லாத யானை. “இது பொம்புள ஆனை, ஒண்டும் செய்யாது” என்று வாப்பா புள்ளைகளுக்குச் சொன்னாராம்.

அன்று பகல் அவர்கள் அங்கேயே அரை மூட்டை நாட்டரிசி வாங்கியிருந்தார்கள். இரண்டு சீப்பு வாழைப்பழமும் இருந்தது. குரங்கு தூக்கிக்கொண்டு போய்விடும் என்று மாமி பத்திரமாக ரூமுக்குள் எடுத்து, கட்டிலுக்குக் கீழே வைத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் போட்டு, அதில் ஐந்து வயது மகன்.

ராத்திரி ஒரு மணி. பலகைச் சுவர் முறியும் சத்தம். உம்மா எழும்பிப் பார்க்கிறார், ஜன்னலைக் காணவில்லை. ஜன்னல் இருந்த இடத்தால் தும்பிக்கை உள்ளே வந்து தரையைத் தடவுகிறது. மகன் கிடந்த பாயைத் தடவுகிறது.

புள்ளையைக் காலைப் பிடித்து இழுத்தார். அவ்வளவுதான் செய்ய முடிந்தது. ஆறு பேரும் பாத்ரூமுக்குள் ஓடினார்கள். அந்தக் குடிலில் கல்லால் கட்டியிருந்தது அது ஒன்றுதான். பஜ்ர் வரைக்கும் அதற்குள்ளேயே நின்றார்கள். காவலுக்கு இருந்த ஆள் மரத்துக்கு மேலிருந்த பரணில் நின்று கத்திக்கொண்டிருந்தாராம், கையில் ஒரு யானை வெடிகூட இல்லை. அரிசி, வாழைப்பழம் எல்லாவற்றையும் தின்றுவிட்டு யானை போனது. விழுந்த பலகை பட்டு மாமிக்குத் தோள்பட்டை விலகியது. அந்தப் பையன் இன்றைக்கும் லைட் அணைத்தால் தூங்குவதில்லை.

அல்லாஹ் காப்பாற்றினான். ஆனால் அந்த யானை அன்றைக்கு வழி தவறி வந்ததில்லை. கூப்பிட்டு வைத்திருந்தார்கள்.

யானை மோப்பத்தால் வாழும் பிராணி. நெல்லும் அரிசியும் உப்பும் இருக்கும் வீட்டை அது சுவரை இடித்துத் தேடும். நம் மாவட்டத்து விவசாயிகளைக் கேளுங்கள், அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்த பிறகுதான் அவர்களுக்குப் பயமே தொடங்கும். ஒரு தடவை மனிதக் கையால் தின்று பழகிய யானை அடுத்த தடவை கேட்காது, எடுக்கும். புத்தல–கதிர்காமம் வீதியில் வாகனத்தில் போனவர்கள் பழம் கொடுத்துக் கொடுத்து, இப்போது யானைகள் நடு வீதியில் நின்று வாகனங்களை மறிக்கின்றன. யால தேசிய பூங்காவில் கெமுனு என்று பெயர் வைத்த கொம்பன் ஒன்று, சாப்பாட்டு மணத்துக்கு ஜீப்புக்குள்ளேயே தும்பிக்கையை விட்டுத் துழாவியது. வீடியோவில் பார்த்து நாம் சிரித்திருப்போம். அந்த ஜீப்புக்குள் இருந்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

தூரம் போக வேண்டாம். அட்டாளைச்சேனைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டைப் பாருங்கள். சுற்றியுள்ள ஒன்பது ஊர்க் குப்பை அங்கே கொட்டப்படுகிறது. யானைகள் கூட்டமாக வந்து நாம் வீசிய சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையோடு சேர்த்து விழுங்குகின்றன. எட்டு வருடத்துக்குள் ஏறக்குறைய 20 யானைகள் அப்படிச் செத்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. நம் குசினிக் குப்பை அது. அதைத் தின்று பழகிய யானைகள்தான் பிறகு வட்டைக்குள்ளும் வளவுக்குள்ளும் இறங்குகின்றன.

இன்னொரு விஷயம், இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்.

கொம்பு இல்லை என்றால் பெண் யானை என்று அர்த்தமில்லை.

இலங்கையில் ஆண் யானைகளில் கொம்பு உள்ளவை பத்துக்கு ஒன்றுகூடத் தேறாது. மற்றதெல்லாம் அலியன். தனியாக நிற்கும் யானையைக் கண்டால் அது ஆண் யானை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் கன்னத்தில் எண்ணெய் வடிந்த மாதிரிக் கோடு தெரிந்தால் மதநீர். அந்த இடத்தில் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள். யானை மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். சேற்றிலும் கல்லிலும் உங்களால் அந்த வேகத்தில் ஓட முடியாது. கையில் புள்ளை இருந்தால் நினைத்தே பார்க்க வேண்டாம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்த நாட்டில் 5,879 யானைகள் இருந்தன. சமீப வருடங்களில் ஆண்டுதோறும் நூறு பேருக்கு மேல் யானையால் சாகிறார்கள். அதைவிட அதிகமான யானைகளும் சாகின்றன. இரண்டு பக்கமும் இழப்புத்தான்.

யானை கண்ணுக்குத் தெரியும். தெரியாதது தண்ணீருக்குள் கிடக்கிறது.

2017 செப்டம்பர் 14. அறுகம்பைக்குத் தெற்கே யானைப் பாறைக்குப் பக்கத்தில் உள்ள களப்பு. நண்பர்களோடு விடுமுறைக்கு வந்த பிரித்தானிய இளைஞர் ஒருவர், லண்டனில் பத்திரிகையாளர், இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர். கூட்டத்தை விட்டுக் கொஞ்சம் விலகிப் போய், களப்போரத்தில் கை கழுவக் குனிந்திருக்கிறார். முதலை பிடித்துக்கொண்டு போனது. அடுத்த நாள்தான் சுழியோடிகள் சேற்றுக்குள்ளிருந்து உடலை எடுத்தார்கள். அவர் நீந்தவில்லை. குளிக்கவில்லை. கைதான் கழுவினார்.

இப்போது நம்மை நினைத்துப் பாருங்கள். லுஹருக்கு நேரமாகிவிட்டது. பக்கத்தில் குளம். வுழூ எடுக்க எங்கே இறங்குவோம்?

இறங்காதீர்கள். களப்பிலும் ஆற்று வாயிலும் இருப்பது உப்புநீர் முதலை. குளத்தில் இருப்பது வேறு இனம். இரண்டுமே மனிதனைப் பிடிக்கும். கரையில் குனிந்து நிற்கிற ஆள், தண்ணீருக்குக் கீழே கிடக்கிற முதலைக்கு, தண்ணீர் குடிக்க வந்த மான் மாதிரித்தான். களியோடை ஆற்றிலும் மாவடிப்பள்ளியிலும் முதலை இருப்பது நமக்குத் தெரியும், அதனால் அங்கே கவனமாக இருக்கிறோம். புது ஊருக்குப் போனதும் அந்தக் கவனம் போய்விடுகிறது. போத்தலில் தண்ணீர் கொண்டுபோங்கள். குடிலின் டெப்பில் வுழூ எடுங்கள். “இங்க முதல இல்ல, நாங்க தினமும் குளிக்கிறம்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அடுத்தது சொல்லும்போது எனக்கே நெஞ்சு பதறுகிறது. தோட்டத்துச் சாப்பாடு என்று ஆசைப்பட்டுப் போகிறோமே, அந்தத் தோட்டத்தைச் சுற்றி என்ன கட்டியிருக்கிறது என்று பார்க்கிறோமா?

பன்றிக்கும் யானைக்கும் பயந்து சில இடங்களில் வீட்டு மின்சார லைனிலிருந்து நேரே வயர் இழுத்து வேலியில் கட்டிவிடுகிறார்கள். சட்டப்படி போடும் யானை வேலி வேறு. அதில் மின்சாரம் விட்டு விட்டு, துடிப்புத் துடிப்பாக வரும், அடித்துத் தூக்கியெறியும், ஆளைக் கொல்லாது. வீட்டு லைனில் 230 வோல்ட் இடைவிடாமல் ஓடும். தொட்ட கை விடாது. இரவில் போட்டு விடியற்காலையில் கழற்றிவிடுவார்கள், அதனால் பகலில் அது வெறும் கம்பி மாதிரித் தெரியும். அந்தக் கம்பியில் பட்டு யானையும் செத்திருக்கிறது, அதைக் கட்டிய விவசாயியே செத்த சம்பவமும் இந்த நாட்டில் எத்தனையோ. உங்கள் மகன் இரவில் மின்மினிப் பூச்சியைத் துரத்திக்கொண்டு சோளன் தோட்டத்துக்குள் ஓடினால்?

கட்டுத்துவக்கு இன்னொன்று. மிருகம் போகும் தடத்துக்குக் குறுக்கே கயிறு கட்டி, கயிறு இழுபட்டால் வெடிக்கும்படி மறைத்து வைக்கும் துவக்கு. அது மான் கால், மனிதக் கால் பார்க்காது. மூன்றாவது, பன்றிக்கு வைக்கும் வாய்வெடி. ஹக்கபட்டஸ் என்று சிங்களத்தில் சொல்வார்கள். வெடிமருந்தைச் சாப்பாட்டுப் பொருளுக்குள் வைத்துச் சுற்றி நிலத்தில் போட்டு வைப்பார்கள். கடித்தால் வெடிக்கும். சின்னப் புள்ளைகள் எதைக் கண்டாலும் கையில் எடுப்பார்கள். எத்தனை யானைக் குட்டிகள் வாய் கிழிந்து, தின்ன முடியாமல், நாள் கணக்கில் பட்டினி கிடந்து செத்திருக்கின்றன!

புள்ளைகளைத் தோட்டத்துக்குள்ளும் சேனைக்குள்ளும் தனியே விடாதீர்கள். பகலிலும் விடாதீர்கள். போவதென்றால் அந்த நிலத்துக்காரர் முன்னால் நடக்கட்டும்.

சாப்பாட்டுக்கு வருவோம். குரக்கன் ரொட்டியும் கட்டச் சம்பலும் தாராளமாகச் சாப்பிடுங்கள். எருமைத் தயிர், காய்ச்சிய பாலில் உறையவைத்ததுதானா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கறந்த சூட்டோடு பச்சைப் பாலைப் புள்ளைகளுக்குக் கொடுத்துப் படம் எடுப்பது இப்போது ஒரு மோஸ்தராகிவிட்டது. காய்ச்சாத பாலால் புரூசெல்லோசிஸ் என்ற காய்ச்சல் வரும். வாரக்கணக்கில் விட்டு விட்டுக் காயும், மூட்டு மூட்டாக வலிக்கும், என்ன நோய் என்று பிடிபடவே நாளாகும். பாலைக் கொதிக்க வையுங்கள்.

காட்டுக் கிழங்கு என்று எதையும் நீங்களாகத் தோண்டிச் சமைக்காதீர்கள். கார்த்திகைப் பூச் செடியின் கிழங்கை வேறு கிழங்கென்று நினைத்துத் தின்று செத்தவர்கள் உண்டு. அந்த நஞ்சு அவித்தாலும் போகாது.

“ஸ்பெசல் இறைச்சி இரிக்கி, வேணுமா?” என்று மெதுவாக வந்து கேட்பார்கள். உஷார்! மானோ மரையோ, காட்டு மிருக இறைச்சி விற்பதும் வைத்திருப்பதும் குற்றம். சாப்பிட்டவர் வீட்டுக்கும் பொலிஸ் வரும். அதைவிடப் பெரிய கேள்வி நமக்கு இருக்கிறது. கட்டுத்துவக்கில் பட்டு, இரவெல்லாம் கிடந்து செத்த மிருகத்தை விடிந்த பிறகு எடுத்து வந்தால், அதை அறுத்தது யார்? உயிரோடு அறுத்ததா? அது மான்தான், பன்றி கலக்கவில்லை என்று யார் பொறுப்பு? ஒரு நாள் ருசிக்காக இந்தச் சந்தேகத்தைப் புள்ளைகளின் தட்டில் வைக்காதீர்கள். நாட்டுக்கோழி என்றாலும், அறுக்கும்போது உங்களில் ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள், அல்லது நீங்களே அறுத்துக் கொடுங்கள்.

வயலில் இறங்கி நாற்று நடுகிறோம், சேற்றில் விளையாடுகிறோம் என்றால், காலில் புண், வெடிப்பு இருப்பவர்கள் இறங்கவே வேண்டாம். எலிக்காய்ச்சல் எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரால் வரும், புண் வழியாக உள்ளே போகும். வீட்டுக்கு வந்து ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல் காய்ந்து, கெண்டைக்கால் சதை வலித்து, கண் சிவந்தால், “வயலுக்குள் இறங்கினோம்” என்று டொக்டரிடம் நீங்களாகச் சொல்லுங்கள். அவர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். பிந்தினால் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

பாம்பைப் பற்றி ஒரே ஒரு விஷயம்: நிலத்தில் பாய் போட்டுப் படுக்காதீர்கள். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வரும், தூங்குகிறவரைத் தீண்டும், அநேகமாக வலிக்காது. தடயமும் பெரிதாகத் தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழும்புவார், கண் இமை தொங்கும், பேச்சுக் குளறும், மூச்சு நிற்கும். “இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை” என்று நினைத்து இஞ்சித் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தால் ஆள் கைவிட்டுப் போவார். கட்டிலில் படுங்கள். நுளம்பு வலையை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள், அது பாம்பையும் தடுக்கும். தீண்டினால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். பரிசாரியிடம் கொண்டுபோய் நேரம் கடத்தாதீர்கள். நேரே பெரிய ஆஸ்பத்திரி. 2012–2013இல் நாடு முழுக்க எடுத்த ஆய்வின்படி, ஒரே வருடத்தில் ஏறக்குறைய 80,000 பேரைப் பாம்பு தீண்டியிருக்கிறது, 400 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள்.

கரடியும் உண்டு. குமண, உகந்தைக் காட்டில் பாலைப்பழம் பழுக்கும் காலத்தில் மரத்தில் ஏறி நிற்கும். கரடி அடித்தால் முகத்தில்தான் அடிக்கும். பாலைப்பழம் ஆசையாக இருந்தால் வீதியோரத்தில் விற்கிறார்கள், வாங்கிச் சாப்பிடுங்கள். மரத்தடிக்குப் போகாதீர்கள்.

மாரி காலத்தில் இன்னொன்று. “வீதியில தண்ணி நிக்கிது, வேன் வராது, டிரக்டர் அனுப்புறம்” என்பார்கள். ஏறாதீர்கள்! 2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில் வெள்ளம் அள்ளிக்கொண்டு போன டிரக்டரில் இருந்தவர்கள் நம் மத்ரஸாப் புள்ளைகள். அந்த மையித்துகளைத் தேடிய நாட்களை இந்தக் கரையோரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஓடும் தண்ணீரைக் கடந்து போய்த் தங்க வேண்டிய எந்த ரூமும் இல்லை. காசு போனால் போகட்டும்.

இவ்வளவையும் வாசித்த பிறகும் போகிறீர்கள் என்றால் சந்தோஷம், இங்கினியாகல சேனாநாயக்க சமுத்திரத்தில் யானை தீவுக்குத் தீவு நீந்திப் போவதைப் படகிலிருந்து பார்ப்பது வாழ்க்கையில் ஒரு தடவையாவது காண வேண்டிய காட்சிதான். எல்லாருக்கும் உயிர்காப்பு அங்கி இருந்தால் மட்டும் படகில் ஏறுங்கள். இடத்தைத் தெரிவு செய்யும் முன் போன் எடுத்துப் பேசுங்கள். அவர்கள் பேச்சிலேயே ஆபத்து வெளியில் வரும்.

“ஆனை கட்டாயம் வரும்” என்றால், தீன் போடுகிறார்கள். வேண்டாம்.

“நைட் சஃபாரி இரிக்கி” என்றால், சட்டத்தை மீறுகிறார்கள். தேசிய பூங்கா காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும். இரவில் உள்ளே கூட்டிப்போக யாருக்கும் அனுமதியில்லை.

“ஜீப்பால இறங்கிக் கிட்டப் போய் படம் எடுக்கலாம்” என்றால், அந்த ஆளை நம்பிப் புள்ளைகளை ஏற்றாதீர்கள்.

சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு செய்த இடமா என்று கேளுங்கள். தடுமாறினால் அதுவே பதில். இரவில் காவல் யார், அவரிடம் யானை வெடி இருக்கிறதா, சுவர் கல்லா பலகையா, சாப்பாட்டுக் கழிவை எங்கே போடுகிறார்கள், சுற்றி வேலி யார் போட்டது, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம், போன் சிக்னல் இருக்கிறதா, எல்லாவற்றையும் கேளுங்கள். கோபப்படுவார்களோ என்று கூச்சப்பட வேண்டாம். நல்ல இடத்துக்காரர் நீங்கள் கேட்கும் முன்பே சொல்லுவார். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் போங்கள்.

பொத்துவிலிலிருந்து லகுகலை வழியாகப் போகும் வீதியைப் பகலிலேயே கடந்துவிடுங்கள். யானை குறுக்கே நின்றால் ஹோர்ன் அடிக்காதீர்கள், லைட்டை அடித்து அடித்துக் காட்டாதீர்கள். தூரத்தில் நிறுத்தி, மெல்லப் பின்னால் எடுங்கள். பத்து நிமிடமோ ஒரு மணித்தியாலமோ, அது போகும் வரை இருங்கள். ஜன்னலால் வாழைப்பழம் நீட்டாதீர்கள். அன்றைக்கு உங்களை அது ஒன்றும் செய்யாமல் போகலாம். அடுத்த வேனில் வருகிறவர்களை விடாது.

ராத்திரி ரூமுக்குள் பழமோ அரிசியோ நெல்லோ கருவாடோ வைக்காதீர்கள். எல்லாவற்றையும் கொடுத்து, கல்லால் கட்டிய களஞ்சியத்தில் பூட்டச் சொல்லுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் அந்த இடத்தில் ஒன்றும் வாங்காதீர்கள், ஊருக்குத் திரும்பும் வழியில் வாங்கலாம்.

வனஜீவராசிகள் திணைக்களம் 1992. அம்புலன்ஸ் 1990. பொலிஸ் 119. மூன்றையும் உங்கள் போனில் மட்டுமில்லை, மூத்த புள்ளையின் போனிலும் இப்போதே போட்டு வையுங்கள்.